கூட்டினா ஒம்பது

கையை இங்கன வையி. துணி மேல வையி. பயப்படாத தம்பி, பச்சை குத்துத ஊசி புதுசு, உன் கண்ணு முன்னாலதான பிரிச்சேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். என்ன, கடிச்ச எறும்பு கொஞ்ச நேரத்துக்கு எந்திரிச்சுப் போவாது.

என்ன பேரு எழுதணும்? சத்தமாச் சொல்லு, மேளத்துல ஒண்ணும் கேக்கல. மகிழினியா? யாரு, பொஞ்சாதியா? மகளா! சரி, மகள்னா தைரியமா எழுதலாம். காதலிக்குத புள்ள பேரை எழுதச் சொல்லி வருவானுவ பாரு, அவனுவளுக்கு நான் சுத்திக் கொஞ்சம் எடம் விட்டுத்தான் எழுதுவேன். நாளைக்கு அதை ஒரு மயிலாவோ தேளாவோ மாத்தணும்லா. தொழில்ல முன்யோசனை வேணும்.

அதிருக்கட்டும். கையை நீட்டும்போது ஒரு வார்த்தை சொன்னியே. 'பேரு மட்டும் போதும், நம்பரு ஒண்ணும் வேண்டாம்'னு. நம்பரு எழுதட்டான்னு நான் உன்ட்டக் கேட்டனா? கேக்கல. நீயாச் சொன்ன. அப்போ எவளோ சொல்லித்தான் அனுப்பியிருக்கா. அந்தா, அந்த வளையக்காரிதான? அங்க பாரு, நான் பாத்ததும் தலையைக் குனிஞ்சு வளையலை அடுக்குதா. 'உலகம்மாட்டப் பேரை எழுது, நம்பரை எழுதாத'. எந்த ஊரு கோயில் கொடைக்குப் போனாலும், எந்தத் தேருக்குப் போனாலும், எனக்கு முன்னால இந்தச் சொல்லு போயி எடம் புடிச்சு உக்காந்துக்கிடுது. சொல்லட்டும். அவ விக்குத வளையல் வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒடையும். நான் எழுதுனது குழிக்குள்ள வரைக்கும் கூட வரும். எது ஒசத்தி?

நீயே கேட்டுட்டுச் சொல்லு. உனக்கும் வேற சோலி இல்ல, கை எங்கிட்டதான இருக்கு, எங்க போயிருவ?

எனக்குப் படிப்பு மூணாப்பு. அதுலயும் கூட்டல் வரைக்கும்தான் இருந்தேன். கழித்தல் சொல்லித்தர ஆரம்பிச்ச அன்னைக்குப் பள்ளிக்கூடத்துச் சொவரை ஏறிக் குதிச்சு ஓடி வந்துட்டேன். அதனால என் ஆயுசுல நான் எதையுமே கழிச்சது கெடையாது. எல்லாத்தையும் கூட்டத்தான் செய்வேன். பஸ்ஸுல டிக்கெட்டு குடுத்தா நம்பரைக் கூட்டுவேன். முன்னால பைக்கு போனா அதைக் கூட்டுவேன். ஆசுபத்திரியில கட்டிலு நம்பரு, கரண்டு கம்பத்து நம்பரு, ஒண்ணையும் விட மாட்டேன். கூட்டிக் கூட்டி ஒத்தை எண்ணாக் கொண்டாந்துருவேன். எட்டு வந்தா எச்சித் துப்பிட்டு நவுந்துருவேன். ஒம்பது வந்தா அன்னைக்கு ரெண்டு இட்லி கூடத் தின்பேன். இந்தப் பக்கம் எல்லாரும் பாக்கத்தான செய்தாவ? வண்டி வாங்குதவன் கூட்டிப் பாத்துத்தான வாங்குதான். நான் சத்தமாக் கூட்டுதேன், அவனுவ மனசுக்குள்ள கூட்டுதானுவ. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

நம்பரு எழுதுததுல எனக்கு ஒரு முறை உண்டு. எழுதுததுக்கு முன்னால ஒரு தடவை கூட்டுவேன். எழுதி முடிச்சு, மையைத் துடைச்சு, மறுபடி ஒரு தடவை கூட்டுவேன். முன்னால வந்ததும் பின்னால வந்ததும் ஒண்ணா இருந்தா வேலை சரி. இல்லன்னா எங்கயோ பெசகு. இந்த மாதிரிக் கூட்டிப் பாத்து எழுதுதவ வேற எவளாவது இருந்தா எங்கிட்டக் கூட்டிட்டு வரச் சொல்லு, அவ காலுல விழுதேன்.

போன ஆவணிக் கொடை. ஊரு பேரு சொல்ல மாட்டேன், அங்க எனக்கு இப்போ எடம் இல்ல. எடம் இல்லாத ஊருக்கு எதுக்குப் பேரு? சந்தனமாரின்னு ஒருத்தி வந்தா. உப்பளத்துல உப்பு வாருதவ. காலைப் பாத்தாலே தெரியும், பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். கூட ஒரு ஆம்பளையை இழுத்துட்டு வந்தா. நல்ல வாட்டசாட்டம், உனக்கும் மூத்தவனா இருப்பான். பொதுவா கூட்டத்துல ஆம்பளைதான் பொம்பளையை இழுத்துட்டுப் போவான். இவ இவன் கையை முந்தானையால தன் கையோட கட்டிக் கூட்டிட்டு வாரா. நான் சும்மா இருப்பனா? 'என்ன தாயி, இப்பதான் தாலி கட்டுனியளா, இன்னும் முடிச்சு அவுக்கலியே'ன்னேன். 'என் தம்பிக்கா'ன்னா. கூட்டம் சிரிச்சுச்சு. அவனும் சிரிச்சான். என்னத்துக்குச் சிரிக்காவன்னு தெரியாமலே சிரிச்சான்.

கொம்பையா அவன் பேரு. பேச்சு வராது. அறிவு அஞ்சு வயசுப் புள்ளையோட நின்னு போச்சு. மத்தபடி ஒரு தொந்தரவு கெடையாது. ஒரே ஒரு கோட்டிதான், மேளக் கிறுக்கு. எங்க மேளச் சத்தம் கேட்டாலும் பின்னாலயே போயிருவான். கல்யாண மேளம், சாமி மேளம், எளவு மேளம், எல்லாம் அவனுக்கு ஒண்ணுதான். மேளம் எங்க நிக்கோ அங்க நிப்பான். மேளக்காரன் வீட்டுக்குப் போயிட்டான்னா இவனுக்கு வீடு தெரியாது. அம்மை அப்பன் இல்ல. இவளுக்கும் இவன் பொருட்டு ஒரு கல்யாணம் காச்சி கூடல. கழுத்துல அட்டை கட்டி விட்டுருக்கா, கயித்தைக் கடிச்சுத் துப்பிட்டான். சட்டைப் பையில நம்பரை வச்சுத் தைச்சிருக்கா, மேளத்துக்கு ஆடுத சோக்குல சட்டையைக் கழத்தி வீசிட்டான். 'எப்படியாவது என் போன் நம்பரை இவன் ஒடம்புலயே எழுதிருக்கா, தோலைக் கழத்த மாட்டாம்லா'ன்னா.

நல்ல யோசனைன்னேன். நம்பரைச் சொல்லுன்னேன். அவளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா நம்பரைப் பாட்டு மாதிரி மனப்பாடமா வச்சிருந்தா. முழுசா உனக்கு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பெறவு சொல்லுதேன். முன்னால ஆறு எண்ணு. கூட்டினா முப்பத்தாறு. மூணும் ஆறும் ஒம்பது. பின்னால நாலு எண்ணு, அது 'நாலு ஏழு ரெண்டு அஞ்சு'. கூட்டு. பதினெட்டு. ஒண்ணும் எட்டும் ஒம்பது. மொத்தம் ஐம்பத்து நாலு. அஞ்சும் நாலும்? ஒம்பது! முன்னாலயும் ஒம்பது, பின்னாலயும் ஒம்பது, முழுசும் ஒம்பது. எனக்கு மயிரு கூச்செரிஞ்சு போச்சு. 'ஏட்டி, யாருட்டி உனக்கு இந்த நம்பரைக் குடுத்தா'ன்னேன். 'ரீசார்ஜு கடையில சும்மா குடுத்தாவ'ங்கா. சும்மா குடுத்தானாம்! பெரிய பெரிய மொதலாளி இந்த மாதிரி நம்பருக்கு ஏலம் எடுக்கான். இவ உப்புச் சாக்குக்கு நடுவுல வச்சுக்கிட்டுத் திரியுதா.

ஆரம்பிச்சேன். முன்னால ஆறும் சுளுவா முடிஞ்சுது. அவன் வாயைத் தெறந்து ஊசியையே பாத்துட்டு இருந்தான். ஏழாவது எண்ணு, நாலு எழுதுதேன், கோயில்ல தீவாராதனை, மேளம் ஒரே போடா போட்டான் பாரு! இவன் எந்திரிச்சான். ஊசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவ அவன் தோளுல தொங்குதா. 'ஏல மாப்ள, உக்காருல, மாமியா எழுதி முடிச்சிருதேன்'னு நான் சத்தம் போட, சனம் பூராவும் சிரிக்கு. வளையக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. அன்னைக்குச் சிரிச்சவதான் இன்னைக்கு ஊரு ஊராத் தண்டோராப் போடுதா.

ஒருவழியா உக்கார வச்சோம். 'எதுல விட்டோம்'னேன். 'நாலு'ன்னா. நாலு இருக்கு, ரெண்டு எழுதுனேன், ஏழு எழுதுனேன், அஞ்சு எழுதுனேன். முடிஞ்சுது. மையைத் துடைச்சேன், தேங்காயெண்ணை வச்சேன். 'சரியா இருக்காக்கா'ன்னு கேட்டா. நான் அவ முன்னாலயே, எண்ணு எண்ணா வெரலை வச்சு, சத்தமாக் கூட்டினேன். முப்பத்தாறு. பதினெட்டு. ஐம்பத்து நாலு. 'ஐம்பத்து நாலுட்டி, அச்சு அசல்'னேன். அவ என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஒரு பொம்பளை என் கையை எடுத்துக் கண்ணுல வச்சது என் ஆயுசுல அது ஒண்ணுதான்.

அவனும் சந்தோசமாத்தான் போனான். போற வழியெல்லாம் எதுக்க வந்தவனுக்கெல்லாம் கையைக் காட்டிக்கிட்டே போனான்.

வலிக்கா? இல்லல்ல, இப்போ 'கி' போடுதேன், வளைவுல கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கிடு.

பெறவு தசரா வந்துச்சு. உனக்கு நான் சொல்லணுமா, தசராவுக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு. ஊருக்கு ஒரு வேசக்காரச் செட்டு. காளி வேசம், கொறவன் வேசம், கொரங்கு வேசம். தாரை தப்பட்டையோட வேனு புடிச்சுக் கெளம்பிருவானுவ. கொம்பையாவுக்கு வருசத்துல அதுதான் திருநாளு. எவனோ ஒரு கோட்டிக்காரன் வெளையாட்டுக்கு இவன் மூஞ்சிலயும் செவப்புச் சாயத்தை அப்பி விட்டிருக்கான். இவன் வேனுல ஏறி உக்காந்துட்டான். வேசம் கட்டுனவனைப் பாத்து நீ யாருன்னு யாரும் கேக்க மாட்டான்லா, அதுக்குத்தான வேசம். ஒவ்வொரு வேனுக்காரனும் இவன் அடுத்த வேனு ஆளுன்னு நெனச்சிருக்கான். எங்கயோ நிப்பாட்டி டீ குடிச்சிருக்கானுவ. அங்கன வேற ஒரு செட்டு மேளம் போச்சு. இவன் அது பின்னால போயிட்டான்.

சந்தனமாரி தேடாத எடம் கெடையாது. உப்பளத்து வேலையைப் போட்டுட்டு அலைஞ்சா, போலீசு டேசன்லயும் சொல்லி வச்சா. எங்கிட்டயும் வந்தா. நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். மத்தவ எல்லாம் 'ஐயோ பாவம்'னா. நான் மட்டும், 'போட்டி, அழாத. நான் எழுதுன நம்பரு கையில இருக்கு. ஒம்பதுக்கு ஒம்பது. அது ஆளைக் கூட்டிட்டு வந்துரும், நீ போனை மட்டும் பத்திரமா வச்சுக்கோ'ன்னேன். அவளும் அப்படியே வச்சிருந்தா. போனைப் பிளாஸ்டிக் பையில போட்டுச் சுத்தி மாரோட கட்டிக்கிட்டா. யாராவது கூப்பிட்டா, 'வையி வையி, அவன் கூப்பிடுத நேரத்துல லைனு கெடைக்காமப் போயிரும்'னு உடனே கட் பண்ணிருவா. அதனால கொஞ்ச நாள்ல யாரும் அவளைக் கூப்பிடுததில்ல. போனு சத்தமே போடாமக் கெடந்துச்சு.

நானும் எனக்குத் தெரிஞ்ச சாமிக்கெல்லாம் நேந்துக்கிட்டேன். என்னைக் கல்லுன்னு நெனச்சிராத.

மழைக்காலம் முடிஞ்சு, பொங்கலுக்கு முன்னால, போலீசு டேசன்ல இருந்து ஆளு வந்தாவ. தூரத்துல, பெரிய ரோட்டுப் பக்கம் ஒரு ஊருல, ஆருமில்லாத பொணம்னு பொதைச்ச ஒருத்தன் போட்டோ இருக்கு, வந்து பாருன்னாவ. இவ பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சரைக் கூட்டிட்டுப் போனா. கணக்கு டீச்சரு. மூஞ்சி போட்டோவைப் பாத்து இவளுக்கு அடையாளம் தெரியல. லாரி ஏறுன மூஞ்சி. அடுத்தாப்புல கையை மட்டும் ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தாவளாம். அதைப் பாத்ததும் இவ கீழ உக்காந்துட்டா. டீச்சரு அந்த போட்டோவை வாங்கி, ஒவ்வொரு எண்ணாப் படிச்சிருக்காவ. கடைசி நாலு எண்ணு வந்ததும், மறுபடி முதல்ல இருந்து படிச்சிருக்காவ. 'மாரி, உன் நம்பரு நாலு ஏழு ரெண்டு அஞ்சுல்லா? இதுல நாலு ரெண்டு ஏழு அஞ்சுன்னுல்லா இருக்கு'ன்னு சொல்லியிருக்காவ.

இருந்துட்டுப் போட்டும்! அதே நாலு, அதே ரெண்டு, அதே ஏழு, அதே அஞ்சு. ஒண்ணு கொறஞ்சுதா? ஒண்ணு கூடுச்சா? வெளியூருக்காரி மாதிரி எட்டை ஆறா எழுதுனனா? கொழம்புக்கு முதல்ல உப்பைப் போட்டா என்ன, முதல்ல புளியைப் போட்டா என்ன, கொழம்பு கொழம்புதான?

அங்கன இருந்து, இவன் கடைசியா வந்து நின்ன டீக்கடைக்காரனைத் தேடிப் போயிருக்காவ. அவன் நல்லவன்தான். மழையில நனைஞ்சுட்டு, மூஞ்சியெல்லாம் சாயம் வழிய இவன் வந்து நின்னானாம். பன்னும் டீயும் குடுத்திருக்கான். இவன் பன்னைத் தின்னுட்டு, கையை நீட்டி நீட்டிக் காட்டியிருக்கான். கடைக்காரன் நம்பரைப் பாத்து போனு போட்டிருக்கான். யாரோ ஒரு ஆம்பளை எடுத்து, ராங் நம்பருன்னு வச்சுட்டான். மறுபடி போட்டான். 'இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியவே தெரியாது'ன்னுட்டான். கடைக்காரன் போனை இவன் காதுல வச்சிருக்கான், கொரலு கேட்டாவது தெரியட்டும்னு. இவன் காதை அமுக்கி வச்சுச் சிரிச்சுக்கிட்டே கேட்டானாம். பெறவு போனைத் திருப்பிக் குடுத்துட்டு, வேறயப் போடு, வேறயப் போடுன்னு சாடை காட்டுனானாம். அக்கா கொரலு இல்லல்லா அது.

மூணாவது தடவை அந்த ஆம்பளை போனையே எடுக்கல.

கடைக்காரன் என்ன நெனச்சிருக்கான் தெரியுமா? 'நம்பரும் பச்சை குத்தியிருக்கு, சொந்தக்காரன் தெரியாதுங்கான். அப்போ வேண்டாம்னு கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாவ'ன்னு நெனச்சிருக்கான். அதை அவன் சந்தனமாரி மூஞ்சுக்கு நேராவே சொன்னானாம். 'நீங்கதான் வேண்டாம்னு விட்டியளோன்னு பாத்தேம்மா'ன்னு. அதுக்கு இவ, 'பன்னு தின்னானா'ன்னு மட்டும் கேட்டாளாம். 'ரெண்டு தின்னாரு'ன்னானாம். இவன் பன்னு தின்ன மறுநாள் மத்தியானம் எதுக்க ஒரு எளவு மேளம் போயிருக்கு. இவன் ரோட்டைப் பாக்கல, மேளத்தைப் பாத்தான். போலீசும் அதே நம்பருக்குப் போட்டிருக்கு. போலீசுக்கும் தெரியாதுன்னுதான் பதிலு. பெறவு என்ன, பொதைச்சுட்டாவ.

இரு, மை காஞ்சு போச்சு.

நீயே சொல்லு, இதுல நான் எங்க வந்தேன்? சாயம் பூசுனவன் ஒருத்தன். வேனுல ஏத்துனவன் ஒருத்தன். போனை எடுக்காதவன் ஒருத்தன். லாரிக்காரன் ஒருத்தன். இவ இருக்கால்லா, சந்தனமாரி, வீட்டுக்குப் போயி அந்தக் கையைப் பாத்து ஒரே ஒரு தடவை யாரையாவது நம்பரு போடச் சொல்லியிருக்கலாம்லா? அவளுக்குப் படிக்கத் தெரியாது, சரி, ஊருல ஒருத்தருக்குமா தெரியாது? 'அக்கா கூட்டிப் பாத்துட்டா, சரியா இருக்கு'ன்னு நம்பி இருந்துட்டாளாம். நம்புனா அது என் தப்பா?

பங்குனியில அந்த ஊருக்கே ஒரு விசேசத்துக்குப் போனேன். எப்பவும் உக்காருத எடத்துல துணியை விரிச்சா, வந்து எந்திரின்னுட்டானுவ. கோயில் கமிட்டி கூடிருச்சு. நடுவுல கிரேஸ் டீச்சரு. கையில போட்டோ. ஒரு ஓரத்துல சந்தனமாரி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

நான் விடுவனா? டீச்சருட்டயே கேட்டேன். 'டீச்சர், நீங்க கணக்குப் படிச்சவிய. நான் எழுதுனது ஒம்பதால வகுபடுமா படாதா?'

'வகுபடும்'னாவ.

'அவ நம்பரு?'

'அதுவும் வகுபடும். எண்ணோட இலக்கத்தைக் கூட்டி ஒம்பதால வகுபட்டா அந்த எண்ணும் வகுபடும், உலகம்மா. எந்த வரிசையில மாத்திப் போட்டாலும் வகுபடும்.'

'கேட்டியளா! எந்த வரிசையில போட்டாலும்னு டீச்சரே சொல்லியாச்சு'ன்னேன். கமிட்டிக்காரன் ரெண்டு பேரு தலையை ஆட்டிட்டானுவ.

டீச்சரு வெயில்ல நின்ன மாதிரி மூஞ்சியைச் சுருக்குனாவ. 'ரெண்டு எண்ணு எடம் மாறியிருக்கு. ஏழு நூறோட எடத்துல இருக்கணும், பத்தோட எடத்துக்குப் போயிட்டு. அதனால நம்பரு நானூத்தி ஐம்பது கொறஞ்சு போச்சு'ன்னாவ.

'நானூத்தி ஐம்பதா? அது ஒம்பதால வகுபடுமா?'

டீச்சரு கொஞ்சம் யோசிச்சு, 'வகுபடும். எடம் மாறுனா வித்தியாசம் எப்பவுமே ஒம்பதால வகுபடும்'னாவ.

'அப்போ என் பெசகு கூட ஒம்பதுதான!'ன்னேன். சனம் சிரிச்சுருச்சு, தம்பி. சிரிப்பை அடக்கப் பாத்தும் முடியல அவனுவளுக்கு. எனக்குச் சூடு ஏறிருச்சு. 'சரி, அந்த நம்பரை ரூவாக் கணக்கா வாசிச்சா எம்புட்டு வரும்'னு கேட்டேன். 'தொள்ளாயிரத்து எண்பது கோடிக்கு மேல வரும்'னாவ. 'தொள்ளாயிரத்து எண்பது கோடியில நானூத்தி ஐம்பது ரூவா கொறஞ்சுதுன்னா, அந்தக் கணக்கப்புள்ளைக்கு மொதலாளி மாலை போட்டு ஊர்வலம் விடுவான். என்னைத் துணியைச் சுருட்டச் சொல்லுதியளே, இது நியாயமா'ன்னேன்.

மறுபடி சிரிப்பு. டீச்சரு சிரிக்கல. மெதுவாச் சொன்னாவ. 'பத்து இலக்கத்துல ஒம்பதால வகுபடுத எண்ணு நூறு கோடி இருக்கு, உலகம்மா. அதுல ஒண்ணுதான் இவ வீட்டுல அடிக்கும்.'

நூறு கோடில ஒண்ணு! நல்லாக் கேட்டுக்கோ. நூறு கோடில நான் எம்புட்டுப் பக்கத்துல போயிருக்கேன் பாத்தியா? பத்து எண்ணும் அதே எண்ணு. அதை ஒருத்தரும் பாக்க மாட்டேங்காவளே. அதைச் சொல்ல வாயைத் தெறந்தேன். அப்பதான் சந்தனமாரி தலையைத் தூக்குனா. ஏச வாரான்னு நெனச்சேன். ஏசுனா நாலு பதிலு தயாரா வச்சிருந்தேன். அவ ஏசல.

'எனக்கு நூறு கோடி எதுக்குக்கா. ஒண்ணு போதுமே'ன்னா.

அதுக்குப் பெறவு சனம் சிரிக்கல. நான் என்னமோ ஒரு பதிலு சொன்னேன். நல்ல பதிலுதான், ஆனா யாரு காதுலயும் ஏறல. துணியைச் சுருட்டிக்கிட்டேன். பேட்டரியைத் தூக்கிக் குடுக்கக் கூட ஒரு பய வரல. வருசா வருசம் உக்காந்த எடம் தம்பி. என் கல்யாணத்துக்கு முன்னால இருந்து உக்காந்த எடம்.

இன்னும் ரெண்டு எழுத்துதான். கையை இழுக்காத. முழுசாக் கேட்டுட்டுப் போ.

எனக்கு ஆத்திரம் அந்த ஆம்பளை மேலதான். போனை எடுத்து ராங் நம்பருன்னு சொன்னாம்லா, அவன் மேல. எனக்கு ரெண்டு நம்பரும் மனப்பாடம், அவளோடதும் அவனோடதும். அதான் உன்ட்ட முழுசாச் சொல்ல மாட்டேன்னேன். அவன் இப்பவும் அதே நம்பருதான் வச்சிருக்கான், நீ போட்டுக் கீட்டு வச்சிருவ. ஒரு நாளு சோறு இறங்கல. இலையை மூடி வச்சுட்டு அவனுக்குப் போட்டேன். நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு.

ஒரு அடிக்கு எடுத்துட்டான். 'சொல்லுங்க, யாருங்க'ங்கான். திருப்பூருப் பக்கத்துப் பேச்சு. பின்னால மிஷின் ஓடுத சத்தம் கேக்கு. பனியன் கம்பெனியா இருக்கும்.

நான் எடுத்த எடுப்புலயே ஏசுனேன். 'ஏம்ப்பா, ஒரு ஊமைப் பய கையில உன் நம்பரு இருக்குன்னு ஒருத்தன் போனு போட்டுச் சொல்லுதான். என் நம்பரு எப்படிய்யா அவன் கையில வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா உனக்கு? ரெண்டு நிமிசம் நின்னு பேசுனா உன் வாயில இருந்து முத்தா உதிந்துரும்? நீ மனுசனா'ன்னேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன்.

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். பெறவு, 'நியாயந்தானுங்கம்மா'ங்கான். 'டீச்சரம்மா ஒருத்தங்க கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னாங்க. அதுல இருந்து எந்தப் புது நம்பரு வந்தாலும் எடுத்துடறேனுங்க. கடன் வேணுமான்னு கேக்கறவங்கிட்டக் கூட வைக்காமப் பேசிட்டு இருக்கறேன். வேலை நேரத்துல பேசறேன்னு சூப்பர்வைசர் திட்டறாரு. என்னமோ, எடுக்காம இருக்க முடியலீங்க'ங்கான்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஏச வந்தவளை ஏச விடாம ஒத்துக்கிட்டான்னா என்ன செய்ய? போனை வைக்கவும் மனசு வரல.

அப்போ அவன் கேட்டான். 'ஏனுங்கம்மா, அந்த நம்பரை எழுதுனது யாருங்க?'

தம்பி, நான் எத்தனை கையில எழுதியிருக்கேன். எவன் கேட்டாலும் 'உலகம்மா எழுதுனது, வேற எவ எழுதுவா இப்படி'ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். அன்னைக்கு என்னமோ வாயில வரல. 'யாரோ திருவிழாவுக்கு வந்தவளாம்ப்பா. எந்த ஊருக்காரியோ, இப்போ எங்க இருக்காளோ'ன்னுட்டேன்.

மிஷின் சத்தத்துக்கு நடுவுல, ரொம்பத் தன்மையாச் சொல்லுதான். 'பாவமுங்க. அந்தம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காதுங்க.'

பட்டுன்னு வச்சுட்டேன் போனை.

தெரியாதாம்ல! கேட்டியா அவன் பேச்சை? அந்த ஊரு ஏசுனதைத் தாங்கிக்கிட்டேன். கமிட்டிக்காரன் எந்திரின்னு சொன்னதைத் தாங்கிக்கிட்டேன். இந்த வளையக்காரி பேசுததையும் தாங்கிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். ஆனா மூஞ்சி தெரியாத ஒரு பய, எங்கயோ பனியன் தைக்கவன், என்னையப் பாத்துப் பாவம்ங்கான். எனக்குத் தெரியாதுங்கான். எனக்கு! பத்து எண்ணையும் ஒண்ணு விடாம எழுதி, துடைச்சு, எண்ணை தடவி, வெரலை வச்சுக் கூட்டிப் பாத்து, சரியா இருக்குட்டி, கூட்டிட்டுப் போன்னு அனுப்பி வச்சவளுக்கு, தெரியாதாம்.